மூன்று ஸ்கூட்டரும் இடது பக்கம்: கியாந்திப் பயணத்தில் நடந்த விபத்து பற்றிய நிகழ்வு ஆய்வு

2023 செப்டம்பர் கடைசி வாரம். இத்தாலியின் டஸ்கனி மாநிலத்தில், ஃபுளோரன்ஸுக்கும் சியனாவுக்கும் நடுவே இருக்கும் கியாந்தி மலைப்பகுதி. வழிகாட்டியோடு வெஸ்பா ஸ்கூட்டரில் போன எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் கீழே விழுந்தார். இடது மணிக்கட்டு எலும்பில் விரிசல். பின்னால் உட்கார்ந்திருந்த அவர் கணவருக்கு முழங்காலில் சிராய்ப்பு. குழுவைக் கோவையிலிருந்து கூட்டிக்கொண்டு போனவன் நான்.

ஊர் திரும்புவதற்கு முன்பே செய்தி வேறு உருவத்தில் வந்து சேர்ந்துவிட்டது. "ஒயின் தோட்டத்துக்குப் போய்க் குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் விழாமல் என்ன செய்வார்கள்" என்று பேசினார்கள். டீச்சர் அன்று ஒயினைத் தொடவே இல்லை. கோப்பையை முகர்ந்து பார்த்துவிட்டுக் கணவரிடம் தள்ளிவிட்டார். பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். அவர் மேல் விழுந்த இந்தப் பழி என்னை ரொம்ப நாள் உறுத்தியது. அதனால் அன்று நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன். இந்த மாதிரிப் பயணங்களை நடத்துகிறவர்களுக்கும், போக நினைப்பவர்களுக்கும் இது பயன்படும்.

ஏன் கியாந்தி, ஏன் ஸ்கூட்டர்

கியாந்தியை உலகம் ஒயின் பெயராகத்தான் அறியும். ஆனால் அது முதலில் ஓர் ஊர்ப்பக்கத்தின் பெயர். 1716இல் டஸ்கனியை ஆண்ட மூன்றாம் கோசிமோ தெ மெதிச்சி, எந்த எல்லைக்குள் விளைந்த ஒயினைக் 'கியாந்தி' என்று விற்கலாம் என ஆணை போட்டார். ஒயின் விளையும் நிலத்துக்குச் சட்டப்படி எல்லை வகுத்த மிகப் பழைய முயற்சிகளில் அதுவும் ஒன்று. 1924இல் தோட்டக்காரர்கள் சேர்ந்து தங்களுக்கென ஒரு கூட்டமைப்பை உண்டாக்கினார்கள். அதன் சின்னமான கறுப்புச் சேவல் இன்றும் அவர்களுடைய 'கியாந்தி கிளாசிகோ' ஒயின் புட்டிகளின் கழுத்தில் இருக்கிறது. அந்த ஒயினில் குறைந்தது 80 சதவீதம் சஞ்சொவேசெ என்ற திராட்சை இருக்க வேண்டும் என்பது விதி.

படங்களில் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் மலை முழுக்கத் திராட்சைதான் என்று நினைப்பார்கள். உண்மையில் அந்தப் பகுதியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு காடு. ஓக் மரக்காடு, அப்புறம் ஒரு ஆலிவ் தோப்பு, அப்புறம் வரிசை வரிசையாகத் திராட்சை, மேட்டில் ஒரு கல் வீடு என்று மாறி மாறி வரும். நம் கம்பம் பக்கம் தலைக்கு மேல் பந்தல் போட்டுக் கொடியை ஏற்றுகிறோம். அங்கே இடுப்புயரக் கம்பியில் வேலி மாதிரி படரவிடுகிறார்கள். கொத்தைப் பறிக்க இங்கே அண்ணாந்து பார்க்க வேண்டும், அங்கே குனிய வேண்டும்.

அந்தக் கல் வீடுகளுக்கு ஒரு கதை இருக்கிறது. பல நூற்றாண்டுகள் அவற்றில் குடியிருந்தவர்கள் வாரத்துக்குப் பயிர் செய்த குடும்பங்கள். விளைச்சலில் பாதி நிலக்காரருக்கு, பாதி உழுதவருக்கு. நம் ஊர் வாரம் போலவேதான். அவர்கள் மொழியில் அதற்கு மெட்ஸத்ரீயா என்று பெயர். 1950களிலும் 60களிலும் இளைஞர்கள் ஆலை வேலைக்கு நகரம் போய்விட, வீடுகள் காலியாகின. புதிதாக வார ஒப்பந்தம் போடக் கூடாது என்று 1964இல் சட்டம் வந்தது. அதற்கு முன்பு ஒரே வயலில் கோதுமை, ஆலிவ், மரத்தில் ஏற்றிய திராட்சைக்கொடி எல்லாம் கலந்து இருந்தன. இன்று நாம் காலங்காலமாக இருப்பதாக நினைக்கும் அந்த நேர் வரிசைத் தோட்டங்கள் பெரும்பாலும் அதற்குப் பிறகு போட்டவை. இதை எங்களுக்கு விளக்கியவர் எங்கள் வழிகாட்டிப் பெண். தன் தாத்தா இப்படி ஒரு வீட்டில், கீழே மாடும் மேலே மனிதர்களுமாக வாழ்ந்தவர் என்று சொல்லிவிட்டு, மலைச்சரிவில் ஒரு வீட்டைக் கை நீட்டிக் காட்டினார். இன்று அதில் நீச்சல் குளம் இருக்கிறது.

ஸ்கூட்டருக்கு வருவோம். வெஸ்பா பிறந்த பொந்தேதெராவும் டஸ்கனிதான். இரண்டாம் உலகப்போரில் பியாஜியோ என்ற நிறுவனத்தின் விமான ஆலை அங்கே குண்டு விழுந்து சிதைந்தது. போருக்குப் பிறகு விமானம் கட்ட வழியில்லை. சாதாரண ஜனங்கள் ஓட்ட ஏதாவது வேண்டும் என்று அதன் முதலாளி என்ரீகோ பியாஜியோ கேட்க, ஹெலிகாப்டர் வடிவமைத்துக்கொண்டிருந்த கொர்ராதீனோ தஸ்கானியோ என்ற பொறியாளர் 1946இல் வெஸ்பாவைக் கொடுத்தார். அவருக்கு மோட்டார் சைக்கிள் பிடிக்காது. சங்கிலி எண்ணெய் துணியில் படுகிறது, காலைத் தூக்கிப் போட்டு ஏற வேண்டியிருக்கிறது என்பதெல்லாம் அவருடைய குறை. அதனால்தான் இன்ஜினை மூடினார், கியரைக் கைக்குக் கொண்டுவந்தார், முன்னால் தட்டையாகக் கால் வைக்க இடம் விட்டார். முன் சக்கரத்தை ஒரே பக்கம் பிடித்திருக்கும் அமைப்பு விமானச் சக்கரத்திலிருந்து வந்தது.

இந்த வண்டியைத்தான் 1960களில் பஜாஜ் உரிமம் வாங்கி இங்கே செய்தது. சேத்தக் அதன் வாரிசு. எங்கள் குழுவில் 50 வயதுக்கு மேற்பட்ட எல்லோரிடமும் அதைப் பற்றி ஒரு கதை இருந்தது. டீச்சரின் கணவர், அப்பாவின் வண்டி காலையில் ஸ்டார்ட் ஆகாதபோது ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்துவிட்டு உதைப்பதை நடித்தே காட்டினார். வழிகாட்டி கைதட்டினார். தன் தாத்தாவும் அப்படித்தான் செய்வார் என்றார்.

இந்த ஒட்டுதல்தான் எங்கள் பயணத்துக்குக் காரணம். எங்கள் பிழையும் இந்த ஒட்டுதலிலிருந்துதான் தொடங்கியது.

அன்று காலை

நாங்கள் பத்துப் பேர். ஐவருக்கு இருசக்கர உரிமமும், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கிய பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் இருந்தன. கார் உரிமம் மட்டும் வைத்திருந்தவர்களை வண்டி ஓட்ட விடக் கூடாது என்று முன்பே முடிவு செய்திருந்தோம். ஆக, ஐந்து ஸ்கூட்டர், பின்னால் உட்கார மூவர், துணைக்கு வந்த வேனில் இருவர். முன்னால் வழிகாட்டி தன் வண்டியில், கடைசியில் இன்னோர் இளைஞர். எல்லாம் 125 சிசி, கியர் இல்லாத புது வண்டிகள்.

இரண்டு மாதம் முன்பு, இந்த ஸ்கூட்டர் பயணத்தை நடத்தும் நிறுவனத்திலிருந்து ஒரு படிவம் வந்திருந்தது. அதில் ஒரு கேள்வி: ஓட்டுநர்களின் அனுபவம் என்ன? "எல்லோரும் தினமும் ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்கள், 20 வருட அனுபவம்" என்று பெருமையாக எழுதி அனுப்பினேன். அதில் பொய் எதுவும் இல்லை. டீச்சர் 25 வருடம் பள்ளிக்கு ஸ்கூட்டரில்தான் போனார்.

ஃபுளோரன்ஸிலிருந்து கிளம்பிய வேன் நெரிசலில் மாட்டியது. க்ரேவே ஊருக்கு முன்னால் இருந்த அவர்கள் கொட்டகைக்கு முக்கால் மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம். வழக்கமாக அரை மணி நேரம் வாசலில் பயிற்சி தருவார்களாம். ஒயின் தோட்டத்தில் 11.30க்கு நேரம் வாங்கியிருந்ததால், படிவத்தைப் பார்த்துவிட்டு, "உங்களுக்குத்தான் தெரியுமே" என்று பத்தே நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். ஆளுக்கு இரண்டு சுற்று, ஹெல்மெட், வலது பக்கம் ஓட்ட வேண்டும் என்று ஒரு வார்த்தை. நாங்களும் சந்தோஷமாகத் தலையாட்டினோம். யாரும் "இன்னும் கொஞ்சம் ஓட்டிப் பார்க்கிறேன்" என்று கேட்கவில்லை. நான் கேட்டிருக்க வேண்டும்.

காலைப் பயணம் அருமையாக இருந்தது. கியாந்திஜானா என்று அழைக்கப்படும் 222ஆம் எண் சாலையில் பன்சானோ வரை ஏறி இறங்கினோம். அறுவடைக் காலம். பறித்த திராட்சையை ஏற்றிய டிராக்டர்களுக்குப் பின்னால் மெதுவாகப் போக வேண்டியிருந்தது. நசுங்கிய பழத்தின் புளித்த வாசனை சாலை முழுக்க. காரில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போகிறவருக்கு அது கிடைக்காது. க்ரேவே சந்தைச் சதுக்கம் உண்மையில் முக்கோணம். நடுவில் 1524இல் நியூயார்க் துறைமுகத்துக்குள் கப்பல் செலுத்திய வெர்ரட்ஸானோவின் சிலை. அங்கே காப்பி. அப்புறம் மேலே மோந்தெஃபியொராலே. கோட்டைச் சுவருக்குள் வட்டமாகச் சுற்றும் ஒரே தெரு, ஜன்னல்தோறும் பூந்தொட்டி. ஒரு பாட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்து பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தார். டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து தானும் நாலு உரித்துக் கொடுத்தார். இருவருக்கும் பொதுவாக ஒரு வார்த்தைகூட இல்லை.

அதுவரை யாரும் தப்பாக ஓட்டவில்லை. இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். காலை முழுக்கச் சாலையில் வண்டிகள் இருந்தன, முன்னால் போகிறவரைப் பார்த்து நாங்கள் போனோம்.

மதியம் 2.40

தோட்டத்தில் ருசி பார்ப்பதும் மதியச் சாப்பாடும் முடிந்தன. ஓட்டுகிறவர்கள் வாயில் வைத்துத் துப்பிவிட வேண்டும் என்பது வழிகாட்டியின் கட்டளை. அதற்கென்று மண் குடுவை வைத்திருந்தார்கள். இத்தாலியில் ஒரு லிட்டர் ரத்தத்தில் அரை கிராம் ஆல்கஹால் வரை சட்டம் அனுமதிக்கிறது. உரிமம் வாங்கி மூன்று வருடம் ஆகாதவர்களுக்கு அதுவும் கிடையாது. எங்கள் ஐவரில் மூவர் துப்பினோம், டீச்சரும் இன்னொருவரும் தொடவில்லை.

கிளம்பினோம். தோட்டத்து வாசலிலிருந்து ஒரு சின்னத் தார்ச்சாலை. அதில் இடப்பக்கம் திரும்ப வேண்டும். வழிகாட்டி முதலில் போனார். ஒட்டியே ஓர் இளம் தம்பதி போனார்கள். டீச்சர் கணவரின் ஹெல்மெட் வாரைச் சரிசெய்து ஏறுவதற்குள் அந்த இரண்டு வண்டிக்காரர்களும் கண்ணிலிருந்து மறைந்துவிட்டார்கள். டீச்சர் கிளம்பினார், பின்னால் நான், எனக்குப் பின்னால் நான்காவது வண்டி. ஐந்தாவது வண்டி ஸ்டார்ட் ஆகாததால், கடைசியில் வர வேண்டிய இளைஞர் அதைப் பார்த்துக்கொண்டு உள்ளேயே நின்றுவிட்டார்.

சாலையில் ஒரு ஈ காக்கை இல்லை.

200 மீட்டர் போயிருப்போம். வளைவில் எதிரே ஒரு ஆப்பே வந்தது. ஆமாம், நம் ஊர்த் தெருவில் ஓடுகிற அதே மூன்று சக்கர ஆப்பேதான். அதுவும் பொந்தேதெராவில் பிறந்தது, வெஸ்பாவுக்கு இரண்டு வருடம் இளையது. பின்னால் சிவப்புக் கூடைகளில் திராட்சை. நேராக டீச்சருக்கு எதிரே வந்தது. டீச்சர் பிரேக் பிடித்தார். அந்த இடத்தில் ஒரு வெள்ளை மண்சாலை வந்து சேர்கிறது. அதிலிருந்து சிதறிய சரளை தார்மேல் கிடந்தது. பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கியது. வண்டி சாய்ந்தது, டீச்சர் இடது கையை ஊன்றியபடி விழுந்தார். வேகம் 25 கிலோமீட்டருக்கு மேல் இருக்காது. ஆப்பே ஆறடிக்கு முன்பே நின்றுவிட்டது.

ஓடினேன். "ஒண்ணும் ஆகலீங்க தம்பி, சாரைப் பாருங்க" என்றார் டீச்சர். மணிக்கட்டு அதற்குள் வீங்கத் தொடங்கியிருந்தது. ஆப்பே ஓட்டிவந்த பெரியவர் இறங்கி, ஒரு வார்த்தை கடிந்து பேசாமல், கூடையிலிருந்த துணியை எடுத்து டீச்சர் தலைக்கு அடியில் வைத்தார். பிறகு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். கையால் சாலையைக் காட்டினார்.

திரும்பிப் பார்த்தேன். விழுந்து கிடந்த வண்டி, நான் நிறுத்தியிருந்த வண்டி, எனக்குப் பின்னால் வந்தவரின் வண்டி. மூன்று ஸ்கூட்டரும் சாலையின் இடது ஓரத்தில் வரிசையாக இருந்தன, அவிநாசி சாலையில் நிறுத்தியதுபோல. அந்தக் காட்சி இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. டீச்சர் ஒருவர் செய்த தவறு இது என்று யாராவது சொன்னால், எனக்கு முதலில் நினைவுக்கு வருவது என் வண்டி நின்ற இடம்தான்.

ஏன் நடந்தது

112க்குக் கூப்பிட்டதும் ஆம்புலன்ஸ் வந்தது. வந்தவர்கள் தொண்டர்கள், அன்றாடம் வேறு வேலை பார்க்கிறவர்கள், முறை போட்டு இதைச் செய்கிறார்கள். டஸ்கனியில் இது மிகப் பழைய வழக்கம். ஃபுளோரன்ஸின் மிஸெரிகோர்தியா அமைப்பு 1244இல் தொடங்கியது. மருத்துவமனையில் மாவுக்கட்டுப் போட்டு அன்று இரவே அனுப்பிவிட்டார்கள். அடுத்த நாள் காலை வழிகாட்டி விடுதிக்கு வந்தார். இருவரும் மேசையில் காகிதத்தை விரித்து நிமிடம் நிமிடமாக எழுதினோம்.

முதல் விஷயம், காலியான சாலை. இடது பக்கப் பழக்கம் உள்ள ஒருவர் நெரிசலில் தப்பு செய்வது குறைவு. சுற்றியுள்ள வண்டிகளே அவரை இழுத்துக்கொண்டு போய்விடும். யாரும் இல்லாத சாலையில், அதுவும் நின்று மறுபடி கிளம்பும்போது, 25 வருடப் பழக்கம் கையைப் பிடித்துக்கொள்கிறது. இடப்பக்கம் திரும்புவது இன்னும் மோசம். நம் ஊரில் அது ஓரத்தை ஒட்டி எளிதாகத் திரும்பும் திருப்பம். அங்கே சாலையைக் குறுக்கே கடந்து அந்தப் பக்கம் போய்ச் சேர வேண்டிய திருப்பம். எங்களிடமே இதற்குச் சான்று இருந்தது: வழிகாட்டியைக் கண்ணால் பார்த்துக்கொண்டு போன இளம் தம்பதி சரியான பக்கம் போனார்கள். பார்க்க முடியாத மூவரும் தப்பான பக்கம் போனோம். அனுபவம் குறைந்திருந்தால் பயந்து யோசித்திருப்போம். அனுபவம் இருந்ததால் யோசிக்கவில்லை.

இரண்டாவது, பிரேக். இதை நான் ஊருக்கு வந்து மெக்கானிக் ஒருவரிடம் பேசிய பிறகுதான் முழுதாகப் புரிந்துகொண்டேன். இந்தியாவில் 2019 ஏப்ரலிலிருந்து விற்கப்படும் 125 சிசி வரையான வண்டிகளில் கூட்டு பிரேக்கோ, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ்.ஸோ கட்டாயம். நம் ஸ்கூட்டர்களில் பெரும்பாலும் கூட்டு பிரேக். இடது பிடியை மட்டும் அழுத்தினாலே இரண்டு சக்கரமும் பிடிக்கும். டீச்சரின் வண்டி அப்படித்தான். வலது பிடியை அவர் அதிகம் தொடுவதே இல்லை. அங்கே ஓட்டிய வெஸ்பாவில் முன்சக்கரத்துக்கு ஏ.பி.எஸ். உண்டு, அது வலது பிடி. இடது பிடி பின்சக்கரத்தின் டிரம் பிரேக்கை மட்டும் பிடிக்கும், அதற்கு ஏ.பி.எஸ். கிடையாது. பதற்றத்தில் இடது பிடியை முழுப் பலத்தோடு அழுத்தினால், பின்னால் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தாலும் சரளையில் சக்கரம் பூட்டிக்கொள்ளும். அதுதான் நடந்தது. பார்க்க ஒரே மாதிரி வண்டி, ஒரே இடத்தில் பிடி, வேலை மட்டும் வேறு. பயிற்சி அரை மணி நேரம் முழுதாக நடந்திருந்தால் சரளையில் பிரேக் பிடித்துப் பார்க்கும் பாடமும் அதில் இருந்திருக்கும் என்று வழிகாட்டி சொன்னார்.

மூன்றாவது, வரிசை அறுந்தது. முன்னால் போனவர் திரும்பிப் பார்த்துக் காத்திருக்கவில்லை, பின்னால் வர வேண்டியவர் உள்ளே நின்றுவிட்டார். நடுவில் மூன்று வண்டிகள் தனியாக விடப்பட்டன. இதற்கு நிறுவனம் பொறுப்பு, அதை அவர்கள் மறுக்கவும் இல்லை. தாமதத்தைச் சரிக்கட்டப் பயிற்சியில் கை வைத்ததும் அவர்கள் முடிவு. ஆனால் படிவத்தில் அப்படி எழுதி அவர்கள் கையில் காரணத்தைக் கொடுத்தது நான். இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

சாப்பாட்டுக்குப் பிறகான அசதியும் கொஞ்சம் இருந்திருக்கும். ஒயினுக்கு இதில் இடம் இல்லை.

காப்பீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு வேண்டும் என்பதால் எல்லோரிடமும் பாலிசி இருந்தது. ஆனால் இருசக்கர வாகனம் ஓட்டும்போது அடிபட்டால், அந்த நாட்டில் செல்லும் உரிமம் கையில் இருக்க வேண்டும் என்று எங்கள் பாலிசியில் பொடி எழுத்தில் இருந்தது. டீச்சரிடம் பன்னாட்டு அனுமதி இருந்ததால் பணம் வந்தது. வண்டிச் சேதத்துக்கு நிறுவனம் எதுவும் வாங்கவில்லை.

அடுத்த வருடம்

2024இல் அதே நிறுவனத்தோடுதான் மறுபடி போனேன். வேறு நிறுவனம் பார்க்கச் சொன்னவர்கள் உண்டு. காகிதத்தை விரித்து என்னோடு உட்கார்ந்து தப்பை எழுதியவரை விட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. அந்த முறை ஆறு பேர், மூன்று வண்டி.

பயிற்சி முக்கால் மணி நேரம் நடந்தது. வேன் தாமதமானால் தோட்டத்துக்குச் சொல்லி நேரத்தைத் தள்ளுவது, பயிற்சியைத் தொடக் கூடாது என்று எழுத்தில் வாங்கிக்கொண்டோம். சரளை மேல் 15 கிலோமீட்டர் வேகத்தில் முதலில் இடது பிடி மட்டும், பிறகு இரண்டும் சேர்த்து என்று ஒவ்வொருவரும் பிடித்துப் பார்த்தார்கள். பின்சக்கரம் நழுவுவதை அங்கேயே உடம்பு தெரிந்துகொண்டது. ருசி பார்ப்பதைக் கடைசிக்குத் தள்ளினோம். வண்டியை ஒப்படைத்த பிறகுதான் ஒயின், அதற்கு வேனில் போனோம். இதனால் ஓட்டியவர்களுக்கும் நிம்மதியாக ஒரு கோப்பை கிடைத்தது.

எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் வேறு. பின்னால் உட்காருகிறவருக்கு ஒரு வேலை கொடுத்தோம். நின்று கிளம்பும் ஒவ்வொரு முறையும், ஓட்டுகிறவர் தோளைத் தட்டி, "வலது" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். தனியாக ஓட்டுகிறவர் யாரும் கூடாது. முதல் அரை மணி நேரம் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். மோந்தெஃபியொராலேயிலிருந்து பஸின்யானோ மடத்துப் பக்கம் போகும் வெள்ளைச் சாலையில், புகைப்படம் எடுத்துவிட்டுக் கிளம்பும்போது ஒருவர் இடப்பக்கம் ஒதுங்கினார். பின்னாலிருந்த மனைவி தோளில் ஓங்கித் தட்டி "வலது, வலது" என்று கத்தினார். வண்டி சரியான பக்கம் வந்தது. அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

அந்தத் தோட்டத்து வாசலையும் கடந்தோம். வழிகாட்டி வெளியே போய், வலது பக்கத் தடத்தில் தன் வெஸ்பாவை நிறுத்தி, மூன்று வண்டியும் தன்னைத் தாண்டும்வரை அங்கேயே நின்றார். "பியானோ, பியானோ" என்றார் ஒவ்வொருவரிடமும், மெதுவாக, மெதுவாக.

டீச்சருக்கு ஆறு வாரத்தில் கட்டுப் பிரித்தார்கள். இரண்டு மாதத்தில் ஸ்கூட்டரை எடுத்துவிட்டார். இப்போது நான் அனுப்பும் படிவத்தில் எத்தனை வருட அனுபவம் என்ற கேள்வி இல்லை. வலது பக்கச் சாலையில் கடைசியாக எப்போது ஓட்டினீர்கள், உங்கள் வண்டியில் இடது பிடி எந்தச் சக்கரத்தைப் பிடிக்கும் என்ற இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இரண்டாவதை எழுதச் சொன்னவர் டீச்சர்தான்.